ஜேசிபி மெக்கானிக் பயிற்சி: கட்டணம் வேறு, செலவு வேறு

"மூணு மாசம் படிச்சா போதும், கை நிறையச் சம்பளம்" என்கிறது பேருந்து நிலையத்தில் ஒட்டியிருக்கும் துண்டறிக்கை. "அதெல்லாம் எதுக்கு? ஒரு மெக்கானிக்கிட்ட கையாளா சேர்ந்தா சும்மாவே கத்துக்கலாம்" என்கிறது டீக்கடைப் பேச்சு. துண்டறிக்கை வரவை மட்டும் சொல்கிறது, பேச்சு கட்டணத்தை மட்டும் பார்க்கிறது. பயிற்சி லாபமா நட்டமா என்று தெரிய வேண்டுமானால் இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். நாலாம் வகுப்புக் கூட்டல் கழித்தலே இதற்குப் போதும். ஆனால் எதைக் கூட்டுவது, எதைக் கழிப்பது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தடுமாறுகிறார்கள்.

## ஓட்டுவது ஒன்று, பழுது பார்ப்பது வேறொன்று

நம் ஊரில் முன்னால் அகலமான பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள சக்கர வண்டி எல்லாமே 'ஜேசிபி'. இரும்புப் பட்டையில் ஊர்ந்து போய்த் தோண்டுவது எல்லாமே 'ஹிட்டாச்சி'. எந்தக் கம்பெனி செய்தது என்பது பேச்சில் வருவதே இல்லை. அதுபோலவே 'ஜேசிபி கோர்ஸ்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு படிப்புகள் விற்கப்படுகின்றன.

ஒன்று ஆபரேட்டர் பயிற்சி, அதாவது இயந்திரத்தை இயக்கக் கற்பது. மற்றது பராமரிப்புப் பயிற்சி. இயந்திரம் நிற்காமல் ஓடவைப்பதும், நின்றால் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்வதும் இதில் வரும். விளம்பரங்களில் பெரும்பாலானவை முதல் வகை. அதில் 'மெயின்டெனன்ஸும் உண்டு' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் கிரீஸ் அடிப்பது, ஆயில் அளவு பார்ப்பது, ஏர் ஃபில்டரைத் தட்டுவது ஆகிய மூன்றைத் தாண்டாது. இந்தக் கட்டுரை இரண்டாவது வகையைப் பற்றியது. பணம் கட்டும் முன் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டுக்கும் வேலையும் வேறு, சம்பளம் ஏறும் விதமும் வேறு.

## நெல் வயலில் தென்னை வைத்தால்

ஒரு ஏக்கர் நெல் வயலைத் தென்னந்தோப்பாக மாற்ற நினைக்கிறார் ஒருவர். செலவு என்ன என்று கேட்டால் கன்று விலை, குழி வெட்டும் கூலி, சொட்டுநீர்க் குழாய் என்று அடுக்குவார். ஆனால் பெரிய செலவு அதில் இல்லை. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஐந்தாறு வருடமாவது ஆகும். அத்தனை வருடமும் அந்த ஏக்கரில் நெல் விளையாது. கையிலிருந்து பணம் போகாவிட்டாலும், வரவேண்டிய நெல்லுப் பணம் வராமல் போனதும் செலவுதான். இடையில் உளுந்தோ கடலையோ ஊடுபயிராகப் போட்டால் அந்த இழப்பில் கொஞ்சம் குறையும்.

தென்னை காய்க்கத் தொடங்கியபின் வரும் பணம் முழுவதும் லாபமா? இல்லை. நெல்லே போட்டிருந்தாலும் ஏதோ வந்திருக்கும். அதைவிடத் தென்னை எவ்வளவு கூடுதலாகத் தருகிறதோ அதுதான் தென்னையின் கணக்கில் சேரும்.

பயிற்சியும் இதே கணக்குதான். கன்று விலை என்பது கட்டணம். விளையாமல் போன நெல் என்பது பயிற்சிக் காலத்தில் விட்டுவிட்ட சம்பளம். இதை இழந்த வருமானம் என்போம். ஊடுபயிர் என்பது அரசோ கம்பெனியோ தரும் உதவித்தொகை. தென்னை தரும் அந்தக் கூடுதல்தான் கூடுதல் வருமானம்: பயிற்சிக்குப் பிறகு வாங்கும் சம்பளத்தில், பயிற்சியே இல்லாமல் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைக் கழித்தது.

## முழுச்செலவு: ஐந்து செலவினங்கள்

கட்டணம், தங்குமிடம், போக்குவரத்து, கருவிகள், இழந்த வருமானம் ஆகிய ஐந்தையும் கூட்டி, உதவித்தொகையைக் கழித்தால் வருவது முழுச்செலவு.

ஓர் உதாரணம் போடுவோம். எண்கள் கணக்கைக் காட்டுவதற்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் எண்களை அவற்றின் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 12,000 ரூபாய் வாங்கும் இளைஞர் ஒருவர் மூன்று மாதத் தனியார் பயிற்சியில் சேர்கிறார்.

கட்டணம் 45,000. விடுதியும் சாப்பாடும் மாதம் 8,000. வீட்டில் இருந்திருந்தாலும் சாப்பாட்டுக்கு 2,000 ஆகியிருக்கும், ஆகவே கூடுதல் 6,000 மட்டும், மூன்று மாதத்துக்கு 18,000. போக்குவரத்து 3,000. கருவிகள் 15,000: 6 முதல் 32 மில்லிமீட்டர் வரை ரிங் ஸ்பானர், பாக்ஸ் ஸ்பானர் செட், மல்டிமீட்டர், கிரீஸ் கன் இவ்வளவும் இல்லாமல் களத்தில் கால் வைக்க முடியாது. இழந்த வருமானம் 36,000. மொத்தம் 1,17,000 ரூபாய்.

துண்டறிக்கையில் இருந்தது 45,000. உண்மைச் செலவு அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல்.

இன்னொன்றும் உண்டு. படிப்பு முடிந்த மறுநாளே யாரும் கூப்பிட்டு வேலை தருவதில்லை. இரண்டு மாதம் தேடினால் இன்னும் ஏறத்தாழ 25,000 சேரும். உதாரணத்தை எளிமையாக வைக்க அதை விட்டுவிடுகிறோம், நீங்கள் விட்டுவிடாதீர்கள்.

## 'இலவச' ஐடிஐ ஏன் இலவசம் இல்லை, யாருக்கு இலவசம்

அதே இளைஞர் அரசு ஐடிஐயில் ஓராண்டு டீசல் மெக்கானிக் பிரிவில் சேர்கிறார் என்று வைப்போம். தமிழ்நாட்டு அரசு ஐடிஐகளில் பயிற்சிக் கட்டணம் கிடையாது என்றே சொல்லலாம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு. சில்லறைச் செலவு 5,000, அடிப்படைக் கருவிகள் 5,000, வீட்டிலிருந்தே போய்வருகிறார். இழந்த வருமானம் 12 மாதத்துக்கு 1,44,000. உதவித்தொகை 9,000 போக முழுச்செலவு 1,45,000.

45,000 கட்டணம் வாங்கும் இடத்தைவிடக் கட்டணமே வாங்காத இடம் 28,000 ரூபாய் அதிகம் பிடிக்கிறது! காலம்தான் காரணம். ஓராண்டு என்பது மூன்று மாதத்தின் நான்கு மடங்கு, இழந்த வருமானமும் நான்கு மடங்கு.

இப்போது ஆளை மாற்றிப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடித்த 16 வயதுப் பையன், இன்னும் எந்த வேலைக்கும் போகவில்லை. அவனுக்கு இழந்த வருமானம் பூஜ்யம். அதே ஐடிஐ அவனுக்கு 5,000 கூட்டல் 5,000 கழித்தல் 9,000, ஆக வெறும் 1,000 ரூபாய். அரசுப் பள்ளியில் படித்தவனாக இருந்து, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாயும் கிடைத்தால் கணக்கு வரவு பக்கமே சாய்ந்துவிடும். இன்னொரு ஆள்: குடும்பம் உள்ள, மாதம் 20,000 வாங்கும் முப்பது வயதுக்காரர். அவருக்கு மூன்று மாதப் படிப்பிலேயே இழந்த வருமானம் 60,000.

ஆகவே "இந்தப் படிப்பு மலிவா?" என்று பொதுவாகக் கேட்பதில் பொருளில்லை. "எனக்கு மலிவா?" என்றுதான் கேட்க வேண்டும்.

டீக்கடைப் பேச்சில் வந்த கையாள் வேலையும் இதே கணக்குக்குள் வரும். மெக்கானிக்கிடம் மாதம் 8,000 வாங்கிக்கொண்டு இரண்டு வருடம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தால், 12,000 சம்பளத்தை விட்டுவந்தவர் மாதம் 4,000 வீதம் 96,000 ரூபாய் கட்டணம் கட்டுகிறார். ரசீது மட்டும் கிடையாது. சான்றிதழும் கிடையாது. நல்ல மெக்கானிக் அமைந்தால் அந்தப் பணத்துக்குத் தகும். வாஷர் கழுவவும் டீ வாங்கவும் மட்டும் வைத்துக்கொள்பவர் அமைந்தால், தொகை குறைவாக இருந்தும் கற்றது ஒன்றும் இல்லாததால், மூன்று வழிகளிலும் இதுவே விலை உயர்ந்தது.

*இதுவரை:* கட்டணம் முழுச்செலவின் ஒரு பகுதி மட்டுமே. வேலையில் இருப்பவருக்கு, படிப்பு நீள நீள, இழந்த வருமானம் மற்ற செலவினங்களை மிஞ்சிவிடும். வேலைக்கே போகாதவருக்கு அந்தச் செலவு இல்லை.

## போட்ட பணம் எப்போது திரும்பும்?

கூடுதல் வருமானம் சேர்ந்து சேர்ந்து முழுச்செலவுக்குச் சமமாக ஆகும் காலமே முதல் (போட்ட பணம்) திரும்பும் காலம். மூன்று மாதப் பயிற்சி முடித்த அந்த இளைஞருக்கே வருவோம்.

முதல் வருடம் உதவி மெக்கானிக்காக 14,000. பழைய வேலையிலேயே இருந்திருந்தால் 12,500 ஆகியிருக்கும். மாதம் 1,500 கூடுதல், வருடத்துக்கு 18,000. இரண்டாம் வருடம் 18,000, பழைய வேலையில் 13,000, வருடத்துக்கு 60,000. மூன்றாம் வருடம் 23,000. பழைய வேலையில் 13,500. மாதம் 9,500 கூடுதல். முதல் இரண்டு வருடத்தில் சேர்ந்தது 78,000. பாக்கி 39,000, மூன்றாம் வருடத்தின் ஐந்தாம் மாதத்தில் தீரும். படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் இரண்டு வருடம் எட்டு மாதம்.

ஐடிஐ வழியில் ஓராண்டு படிப்புக்குப் பின் ஒரு கம்பெனியில் ஓராண்டு அப்ரண்டிஸ் என்று கொள்வோம். 2019-இல் திருத்தப்பட்ட விதிகள் ஐடிஐ முடித்த அப்ரண்டிஸுக்கு மாதம் 7,000 ரூபாய் குறைந்தபட்ச உதவித்தொகை வைத்தன. கம்பெனி கூடவும் தரலாம். 10,000 என்று வைத்தாலும் பழைய வேலையின் 12,500-க்கு அது 2,500 குறைவு. அந்த வருடம் 30,000 இழப்பு. முழுச்செலவு 1,75,000 ஆகிறது. மூன்றாம் வருடம் 20,000 சம்பளம், கூடுதல் 84,000. நான்காம் வருடம் 25,000, மாதம் 11,500 கூடுதல். மீதி 91,000 அந்த வருடத்தின் எட்டாம் மாதத்தில் தீரும். மொத்தம் மூன்று வருடம் எட்டு மாதம்.

அப்படியானால் மூன்று மாதப் படிப்புதான் கெட்டிக்காரத்தனமா? அவசரப்பட வேண்டாம். முதல் திரும்பும் காலம் பாதிக் கதைதான் சொல்லும். பணம் திரும்பியபின் இருபது வருடம் என்ன நடக்கும் என்பதை அது சொல்லாது. ஐடிஐயின் தேசியத் தொழிற்சான்றிதழ் ரயில்வே, பொதுத்துறை, பெரிய கம்பெனி வேலைகளுக்கு விண்ணப்பிக்கும் தகுதியைத் தருகிறது. உள்ளூர் நிறுவனம் தன் பெயரில் அச்சடித்துத் தரும் தாள் அதைத் தராது.

மேலே எழுதிய சம்பளங்களில் இன்னொரு பொறி இருக்கிறது. முதல் வருட வேலை வெளியூரில் அமைந்து அறை வாடகை 4,000 என்றால், 1,500 கூடுதல் என்பது 2,500 குறைவாக மாறிவிடும். 'சம்பளம் கூடிவிட்டது, கையில் ஒன்றும் மிஞ்சவில்லை' என்ற புலம்பல் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகிறது. மறுபக்கம் பேட்டா, ஓவர்டைம், கம்பெனி தரும் தங்குமிடம் ஆகியவற்றையும் வரவில் எழுத வேண்டும்.

## மூன்று வட்டியில் படித்தால்

60,000 ரூபாயைக் கந்துக்காரரிடம் மூன்று வட்டிக்கு வாங்கினால், அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய், வட்டி மட்டும் மாதம் 1,800. முதல் வருடக் கூடுதல் வருமானம் மாதம் 1,500 என்று பார்த்தோம். உழைத்த கூடுதல் அத்தனையும் வட்டிக்கே பற்றாது, அசல் அசையவே அசையாது. இரண்டு வருடத்தில் வட்டி 43,200.

அதே 60,000 வங்கியில் ஆண்டுக்கு 12 சதவீதத்தில் 24 தவணை என்றால், தவணை ஏறத்தாழ 2,825. இரண்டு வருட வட்டி சுமார் 7,800. அங்கீகாரம் பெற்ற பயிற்சிகளுக்கு வங்கிகளில் திறன் கடன் உண்டு. அதன் உச்சவரம்பு 1,50,000-இலிருந்து 2024-இல் 7,50,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அங்கீகாரம் இல்லாத இடத்தில் சேர்ந்தால் இந்தக் கதவு அடைபடுகிறது, கந்துக்காரர் கதவு மட்டும் திறந்திருக்கிறது. அங்கீகாரத்துக்கு இப்படி ஒரு பணமதிப்பு இருப்பது சேரும் நேரத்தில் பலருக்கும் தெரிவதில்லை.

## சம்பளம் ஏன் ஏறுகிறது? குழாயில் தண்ணீர் வராத வீடு

மேலே உள்ள கணக்கில் 14,000 மூன்றாம் வருடத்தில் 23,000 ஆகும் என்று எழுதினோம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. சிலர் ஐந்து வருடம் கழித்தும் உதவியாளராகவே நிற்கிறார்கள். அந்த வித்தியாசம் எங்கே பிறக்கிறது என்பதுதான் இந்த விஷயத்தின் அடிவேர்.

வீட்டில் எல்லாக் குழாயிலும் தண்ணீர் மெல்ல வந்தால் மாடித் தொட்டியையோ மோட்டாரையோ பார்ப்போம். சமையலறைக் குழாயில் மட்டும் வரவில்லை என்றால் அந்தக் குழாயைக் கழற்றிப் பார்ப்போம். யாரும் உடனே புது மோட்டார் வாங்கிவர மாட்டோம்.

தோண்டும் இயந்திரத்தின் கை, பக்கெட், சக்கரப் பட்டை எல்லாம் ஹைட்ராலிக் முறையில் இயங்குகின்றன: பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ள, அந்த அழுத்தம் சிலிண்டரின் தண்டை நகர்த்துகிறது. 20 டன் இயந்திரத்தில் இந்த அழுத்தம் 340 'பார்' (அழுத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் போகும். கார் டயரில் இருப்பது இரண்டு பாரைச் சற்றே தாண்டும்.

'வண்டி வேகமே இல்ல, பவர் இல்ல' என்று புகார். கற்காதவர் சொல்லும் தீர்ப்பு: "பம்ப் போச்சு." பம்ப் மாற்றினால் லட்சங்கள். கற்றவர் குழாய் வீட்டைப்போல முதலில் கேட்பார்: எல்லா அசைவும் மந்தமா, ஒன்று மட்டுமா? ஒன்று மட்டும் என்றால் அந்தச் சிலிண்டரின் சீல், அதன் வால்வு. எல்லாமே என்றால் பொதுவான பகுதிகள், அதுவும் மலிவான இடத்திலிருந்து தொடங்கி. ஆயில் அளவு சரியா? உறிஞ்சும் பக்கத்து வலையில் அடைப்பா? லிவர் அசைவை வால்வுக்குக் கொண்டுபோகும் பைலட் அழுத்தம் 35 முதல் 40 பார் வரை காட்டுகிறதா? அழுத்தம் எல்லை தாண்டினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்வு தூசி சிக்கிப் பாதியில் திறந்தே நிற்கிறதா? இத்தனையும் சரியாக இருந்து, பம்பின் உள்கசிவும் அளவுக்கு மேல் போனால்தான் பம்ப் மேல் கை வைப்பார்.

இதற்குத் தேவை 600 பார் வரை காட்டும் பிரஷர் கேஜ், பொருத்தும் இணைப்புகள், அந்த மாடலின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள எண். லட்ச ரூபாய் பம்ப் மாற்றாமல் ஒரு வலையைக் கழுவி வண்டியை அனுப்பும் ஆளுக்கு உரிமையாளர் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை. சம்பளம் ஏறுவது கழற்றி மாட்டுவதற்கு அல்ல, எதைக் கழற்ற வேண்டாம் என்று தெரிவதற்கு.

வழக்கமான சர்வீஸும் முக்கியம்தான். மணிமீட்டர் என்பது இயந்திரம் ஓடிய மணி நேரத்தை எண்ணும் கருவி. என்ஜின் ஆயில் 250 அல்லது 500 மணிக்கு ஒருமுறை, ஹைட்ராலிக் ஃபில்டர் 1,000 மணி, ஹைட்ராலிக் ஆயில் சாதாரண ரகமானால் 2,000 மணி அளவில் என்பது பொதுவான முறை. ஆனால் இதைப் பத்து நாளில் கற்றுவிடலாம், எனவே இதற்கு மட்டும் சம்பளம் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது.

பாதுகாப்பும் பாடத்தில் இருக்க வேண்டும். ஹோஸில் ஊசித் துளைக் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவினால் ஆயில் தோலைக் கிழித்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், கையையே எடுக்க வேண்டிவரலாம். அட்டைத் துண்டைக் காட்டித்தான் பார்க்க வேண்டும். பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லிவர்களை அசைத்து அழுத்தத்தை விடுவித்த பிறகே எந்த இணைப்பையும் தளர்த்த வேண்டும். இதைச் சொல்லித்தராத இடத்தில் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சேராதீர்கள்.

*இதுவரை:* கூடுதல் வருமானம் வேகமாக வளர்ந்தால் முதல் சீக்கிரம் திரும்பும். அந்த வேகத்தைத் தீர்மானிப்பது பழுதைக் கண்டுபிடிக்கும் திறமை.

## கைப்பட்ட மணி

பழுதைக் கண்டுபிடிப்பது கரும்பலகையில் வராது, நீச்சல்போல. எனவே பயிற்சி நிலையங்களை ஒப்பிட மிகப் பயனுள்ள அளவு, ஒரு மாணவரின் கை உண்மையில் இயந்திரத்தில் படும் நேரம். கைப்பட்ட மணி என்று அதற்குப் பெயர் வைப்போம்.

மூன்று மாதத்தில் 75 வேலை நாள், நாளுக்கு 3 மணி செய்முறை என்றால் 225 மணி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரே இயந்திரம், 25 மாணவர்கள், ஒரு நேரத்தில் ஐந்து பேர்தான் கை வைக்க முடியும். ஆளுக்கு 45 மணி. மீதி 180 மணி மற்றவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கும் நேரம். கட்டணம் 45,000 என்றால் ஒரு கைப்பட்ட மணிக்கு 1,000 ரூபாய்.

இன்னோர் இடத்தில் கட்டணம் 60,000, ஆனால் பத்தே மாணவர்கள். ஆளுக்கு 112 மணிக்கு மேல். மணிக்கு சுமார் 535 ரூபாய். கட்டணம் அதிகமான இடமே பாதி விலைக்குக் கற்றுத்தருகிறது.

நேரில் போய்க் கேட்க வேண்டியவை இவை. இயந்திரம் எத்தனை, அவற்றில் ஓடுவது எத்தனை (வெட்டிக் காட்டிய என்ஜின் அழகுக்கு நல்லது, அதில் அழுத்தம் அளக்க முடியாது)? பிரஷர் கேஜ் செட் இருக்கிறதா, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் உறை பிரியாமல் இருந்தால் பதில் கிடைத்துவிட்டது. வேண்டுமென்றே பழுது வைத்துக் கண்டுபிடிக்கச் சொல்வார்களா? சொல்லித்தருபவர் களத்தில் வேலை பார்த்தவரா? போன அணியில் படித்த மூன்று பேரின் தொலைபேசி எண் தருவார்களா? 'நூறு சதவீத வேலைவாய்ப்பு' என்பதைக் கேள்வியாகவே எடுக்க வேண்டாம். எந்த வேலை, எந்தச் சம்பளம், எத்தனை மாதம் நிலைத்தார்கள் என்று அந்த மூன்று பேரிடம் கேட்டால் போதும்.

## வயரிங் பயம் உள்ளவர்களுக்கு

சக்கரத்தில் ஓடும் கட்டுமான இயந்திரங்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து சிஇவி-4, 2025 ஜனவரியிலிருந்து சிஇவி-5 என்ற புகை விதிகள் வந்தன. அவற்றுக்கு ஈடுகொடுக்க டீசல் பீய்ச்சும் வேலையைக் கணினிப் பெட்டி ஏற்றுக்கொண்டது, சென்சார்கள் பெருகின. பழைய வண்டியில் காதால் கேட்டே பம்ப் டைமிங் சொன்ன மூத்த மெக்கானிக்குகள் புது வண்டியில் எச்சரிக்கை விளக்கைப் பார்த்து நிற்கிறார்கள்.

உங்கள் கணக்குக்கு இதன் பொருள் இரண்டு. மல்டிமீட்டரில் மின்னழுத்தம் பார்க்கவும் வயரிங் படம் படிக்கவும் சொல்லித்தராத பயிற்சியின் பலன், பழைய வண்டிகள் குறையக் குறையத் தேயும். இன்னொன்று, கம்பெனியின் பழுதறியும் மென்பொருள் பெரும்பாலும் அதன் டீலரிடம்தான் இருக்கும். ஆகவே தனியாகக் கடை வைக்க நினைப்பவரும் டீலர் சர்வீஸில் ஓரிரு வருடம் இருந்துவருவது நல்ல முதலீடு, அங்கே சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைவாக இருந்தாலும்.

## இயந்திர உரிமையாளரின் கணக்கு

பயிற்சிக்குப் பணம் போடுவது எப்போதும் படிப்பவர்தான் என்பதில்லை. இரண்டு மூன்று ஜேசிபி வைத்திருப்பவர் தன் ஆளைப் பயிற்சிக்கு அனுப்பலாமா என்று யோசிக்கிறார். இங்கேயும் ஒரு தவறு வழக்கமாக நடக்கிறது. வாடகை மணிக்கு 1,200, நாளுக்கு எட்டு மணி, ஆகவே ஒரு நாள் நின்றால் 9,600 நட்டம் என்கிறார்கள். நின்ற வண்டி டீசல் குடிக்காது. மணிக்கு ஐந்தாறு லிட்டர், சுமார் 500 ரூபாய் மிச்சம். உண்மை நட்டம் மணிக்கு 700, நாளுக்கு 5,600. ஆபரேட்டர் சம்பளத்தையும் வண்டித் தவணையையும் இதில் தொட வேண்டாம், அவை ஓடினாலும் நின்றாலும் போகும்.

பத்து நாள் பயிற்சிக்குக் கட்டணம் 20,000, அந்த நாட்களில் மாற்று ஆளுக்கு 10,000. மொத்தம் 30,000. இதை 5,600-ஆல் வகுத்தால் ஐந்தரைக்குக் கொஞ்சம் குறைவு. எல்லா வண்டிகளும் சேர்ந்து வருடத்தில் ஆறு நாள் குறைவாக நின்றால் பணம் திரும்பிவிட்டது. ஃபில்டர் மாற்றாமல் ஆயிலில் தூசி ஏறி வால்வு சிக்குவது, கிரீஸ் அடிக்காமல் மூட்டுகளில் உள்ள இரும்பு ஊசியும் (பின்) அதன் உறையும் (புஷ்) தேய்வது போன்ற தவிர்க்கக்கூடிய நிறுத்தங்களிலேயே இந்த ஆறு நாள் கிடைத்துவிடும். மழைக்காலத்தில் வண்டி எப்படியும் வேலையின்றி நிற்கும். ஐப்பசி கார்த்திகையில் அனுப்பினால் மாற்று ஆள் செலவும் இல்லை.

'கற்றுக்கொண்டு வேறு இடத்துக்குப் போய்விட்டால்?' என்ற பயம் நியாயமானது. போவதற்குக் காரணமும் தெரிந்ததே: திறமை ஏறியபின் சம்பளம் ஏறாதது. மிச்சமான நாட்களின் பணத்தில் மாதம் ஓராயிரம் ரூபாயை அவருக்கு ஒதுக்கினால் வருடத்துக்கு 12,000. இரண்டு நாள் வண்டி நிற்பதைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

## வளைகுடா போகும் திட்டம் இருந்தால்

சம்பள வித்தியாசம் பெரிது என்பதால் இந்த வழியில் முதல் சீக்கிரம் திரும்பும் என்று தோன்றும். பலருக்குத் திரும்பவும் செய்கிறது. ஆனால் செலவுப் பக்கம் புதுச் செலவினங்கள் வரும்: மருத்துவப் பரிசோதனை, தொழில் தேர்வு, விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களின் இழந்த வருமானம், ஏஜென்ட் கட்டணம். பதிவு பெற்ற ஏஜென்ட் வேலைக்குப் போகிறவரிடம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டிச் சேவைக் கட்டணம் வாங்கக் கூடாது என்பது விதி. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கேட்டால் அவர் விதிக்கு வெளியே நிற்கிறார். அந்தப் பணத்தையும் மூன்று வட்டிக்கு வாங்கினால் முதல் வருடம் முழுக்க வட்டிக்காரருக்கே பாலைவனத்தில் ஸ்பானர் பிடிக்க வேண்டிவரும்.

பத்தாம் வகுப்புத் தேறியவருக்குக் குடிபெயர்வு அனுமதி (வேலைக்கு வெளிநாடு போக அரசு தரும் ஒப்புதல்) தேவையில்லாத பாஸ்போர்ட் கிடைக்கும். தேறாதவர் பயிற்சிக்குக் கட்டணம் கட்டும் முன்பே தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதுவது நல்லது. ஐடிஐயின் பல பிரிவுகளுக்கும் அதுவே நுழைவுத் தகுதி. தேர்வுக் கட்டணமோ சில நூறு ரூபாய்தான்.